ஒரு சாண் குறைந்த கொலுசு

சித்தூர் ஜில்லாவில் குடிபாலாவுக்குத் தெற்கே, திண்டு போட்டுச் சாய்ந்து காலை நீட்டினால் தமிழ்நாட்டில் போய்ப்படும் என்கிற தூரத்தில் ஓர் ஊர். அந்த ஊரிலிருந்து தார்ச்சாலைக்கு வருவதற்கு ஒரே வழி, ஏரிக்கரை ஓரமாகப் போகிற மண்சாலை. அந்த மண்சாலையின் நடுவில் ஒரு பள்ளம். ஏரித் தண்ணீர் கசிந்து கசிந்து களிமண்ணைக் குழைத்து வைத்திருக்கும் அந்தப் பள்ளத்துக்கு ஊரார் வைத்த பெயர் மாமியார் சேறு. பெயர் வைத்தவர் யாரென்று தெரியாது. யாரோ ஒரு மருமகள் என்பதில் மட்டும் சந்தேகமில்லை. உள்ளே போவது எளிது, நல்ல வரவேற்பு உண்டு. வெளியே வருவதுதான் கடினம்.

அது விழுங்கியவற்றுக்குக் கணக்கில்லை. செருப்புகளைச் சொல்லவே வேண்டாம். ஒரு ரேஷன் அதிகாரியின் மோட்டார் சைக்கிள், கரும்போடு ஒரு மாட்டு வண்டி, கல்யாணத்துக்கு வந்த ஒரு பெரிய தவில். ஒருமுறை தேர்தல் ஜீப் ஒன்று மைக்கோடு இறங்கியது. ஜீப்பைக் கயிறு கட்டி இழுத்துவிட்டார்கள். மேலே கட்டியிருந்த மைக் குழாய் கழன்று உள்ளேயே தங்கிவிட்டது. ஓட்டுப் பதிவு முடியும்வரை சேற்றுக்குள்ளிருந்து வாக்குறுதி கேட்டுக்கொண்டிருந்ததாகச் சத்தியம் செய்தவர்கள் இருக்கிறார்கள்.

இந்தச் சேற்றோடு மல்லுக்கு நின்றவள்தான் அலர்மேல்மங்கை. பத்மாவதித் தாயாருக்கு நேர்ந்துகொண்டு பெற்ற பெண் என்பதால் அவ்வளவு நீளப் பெயர். ஊரில் அதை யார் முழுதாகக் கூப்பிடுவது? கூப்பிட்டு முடிப்பதற்குள் அவள் போய்விடுவாள். மங்கா என்று சுருக்கிக்கொண்டார்கள்.

மங்கா பிறந்தது நகரியில், நெசவு வீட்டில். விசைத்தறி இரைச்சலில் பிறந்ததால் அவளுக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. அவளைக் கட்டிக்கொண்டு வந்த சிவசங்கரனின் நைனா, அதாவது அப்பா, பிறர் நிலத்தில் கூலிக்கு ஏர் ஓட்டியவர். சர்க்கார் கொடுத்த பட்டா நிலம் வந்த பிறகுதான் அந்த வீட்டில் சொந்தக் கரும்பு முளைத்தது. அப்புறம் நாடு கதவைத் திறந்துவிட்ட காலம் வந்தது. வெளிநாட்டுக் குளிர்பானம் ஒரு கதவு வழியாக உள்ளே வர, ஊர் ஆண்கள் இன்னொரு கதவு வழியாக வெளியே போனார்கள். பாதிப் பேர் பெங்களூர், மீதிப் பேர் குவைத். சிவசங்கரன் குவைத்தில் தண்ணீர் லாரி ஓட்டப் போனான். போய் முதலில் செய்த காரியம், ஊரில் ஒரு பழைய டிராக்டர் வாங்கிப் போட்டதுதான். ஓட்டுவதற்கு வைத்த ஆள் பொங்கலுக்குள் பெங்களூருக்கு ஓடிவிட்டான். வேறு ஆள் கிடைக்கவில்லை. மங்காவே ஏறி உட்கார்ந்தாள்.

முதல் நாள் அவள் ஓட்டியபோது பிரேக் எது என்று கண்டுபிடிப்பதற்குள், வீட்டு வாசலிலிருந்த வைக்கோல்போர் இரண்டு தெரு தள்ளி அம்மன் கோயிலருகே போய் நின்றது. யாருடைய வைக்கோல் என்று இன்றுவரை வழக்கு. ஆனால் அடுத்த தையிலேயே அவள் டிராக்டரைக் கல்யாண ஊர்வலக் குதிரை மாதிரி நடத்தினாள். வெயில் காலத்தில் ஒரு குறையும் இல்லை. மழை வந்தால்தான் தொல்லை. மாமியார் சேறு வழியை மறித்துக்கொள்ளும். டிராக்டர் கொட்டகையில் படுத்துக்கொள்ளும்.

அப்படி அது படுத்திருந்த ஓர் ஐப்பசியில் குவைத்திலிருந்து கேசட் வந்தது. அந்தக் காலத்தில் அங்கிருந்து கடிதம் எழுதச் சோம்பல்பட்டவர்கள் பேசிப் பதிந்து, ஊருக்குத் திரும்புகிறவர்களிடம் கொடுத்துவிடுவார்கள். மங்கா டேப்பை முற்றத்தில் வைத்து அழுத்தினாள். மாமியார் செல்லியம்மா புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு எதிரில் உட்கார்ந்தாள். மகன் பார்க்கிறான் என்று அவளுக்கு ஒரு நினைப்பு.

"மங்கா, நான்தான் பேசறேன். நல்லா கீறியா? அம்மா நல்லா கீதா?"

"கீறேன்டா நைனா!" என்று செல்லியம்மா கத்தினாள். குவைத் தூரமாயிற்றே.

"அங்க மழையாமே. டிராக்டரு கொட்டாய்லயே தூங்குதாமே. ரங்கையா மாமா போன்ல சொன்னாரு."

மங்கா பட்டனை அழுத்தி அவனை நிறுத்தினாள். நேரில் 'நீங்க' என்பவள், டேப்பிடம் 'நீ' என்றுதான் பேசுவாள். "அந்தாளு போன் பண்ணி ஊட்டு விஷயம் சொன்னா நீ கேட்டுக்கினு கீறியா? உனுக்கு இன்னா அறிவு?" என்று கேட்டுவிட்டு, மறுபடி பேச அனுமதித்தாள்.

"அவரு அத வாங்கிக்கிறேன்றாரு. நீயே யோசி. சும்மா நிக்கற வண்டி துருப் புடிக்கும். நான் ஒன்னு சொல்றேன். ஆலைக்காரன் நம்ம கரும்புக்கு கட்டிங் ஆர்டர் குடுக்கற அன்னிக்கு, நம்ம லோட நம்ம டிராக்டரே சேத்தத் தாண்டி இஸ்துக்கினு போச்சின்னா, வெச்சிக்கோ. இல்லாங்காட்டி மாமாவுக்கே குட்துடு. கோச்சிக்காத."

"கோச்சிக்காதவா?" என்று மங்கா கேட்டாள். அதற்குமேல் டேப்பில் அவன் என்ன சொன்னான் என்பது யாருக்கும் காதில் விழவில்லை.

ரங்கையா கெட்டவர் அல்லர். வெல்லம் போலப் பேசுவார். வேட்டியில் ஒரு புள்ளி அழுக்கு இருக்காது. ஆனால் குவைத்துக்காரர் வீட்டு வாசலில் சும்மா நிற்கிற டிராக்டரைக் கண்டால், பெண் பார்க்கப் போன மாப்பிள்ளை வீட்டார் மாதிரி ஆகிவிடுவார். அப்படிப் பார்த்துப் பார்த்து இரண்டு சேர்த்திருந்தார். மூன்றாவதாக இதன்மேல் கண்.

மறுநாளே மங்கா காலி டிராக்டரைச் சேற்றில் இறக்கிப் பார்த்தாள். பின்சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றியது. சுற்றச் சுற்றப் பள்ளம் ஆழமானதே தவிர, வண்டி ஒரு முழம் நகரவில்லை. கரையில் நின்ற ரங்கையா அக்கறையோடு, "வோணாம்மா மங்கா. எனக்கு வரப்போற வண்டிய எதுக்கு நோகடிக்கறே?" என்றார்.

மங்காவோ சுற்றுகிற சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இப்படி வழுக்கிச் சுற்றுவதை அவள் வேறொரு இடத்தில் பார்த்திருக்கிறாள். விசைத்தறியில் நெய்த துணியை இழுத்துச் சுருட்டுகிற உருளை இருக்கிறது. அதன்மேல் சொரசொரப்பான தகட்டைச் சுற்றியிருப்பார்கள். தகடு தேய்ந்துபோனால் உருளை சும்மா சுற்றும், துணி நகராது. அவள் நைனா அப்போது தறியை நிறுத்திவிட்டு, "பல்லு போச்சி, வேற பல்லு கட்டு" என்பார்.

"இதுக்கும் பல்லு கட்டணும்," என்றாள் மங்கா.

"யாருக்கு?" என்று கேட்ட ரங்கையா, தம் வாயை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டார்.

முதலில் தாம்புக்கயிற்றைச் சுற்றிப் பார்த்தாள். கயிற்றைச் சேறு வெற்றிலை மாதிரி மென்று துப்பிவிட்டது. கடைசியில் மாடுகளைப் பூட்டித்தான் வண்டியை மேட்டுக்கு இழுத்தார்கள். வயலில் சேறடிக்கிற இரும்புச் சக்கரத்தை மாட்டச் சொன்னார்கள். அதோடு தார்ச்சாலையில் ஏறினால் சாலையே உரிந்து வந்துவிடும்; ஆலை இருப்பது தார்ச்சாலையின் கடைசியில். சேற்றில் மாட்டவும் தாரில் கழற்றவும் தோதாக ஏதாவது வேண்டும். அப்படியென்றால் இரும்புச் சங்கிலிதான். திருப்பதியில் ரேணிகுண்டா சாலைப் பக்கம் பழைய இரும்புக் கடைகள் உண்டு என்று கேள்விப்பட்டிருந்தாள்.

சக்கரத்தைச் சுற்றி அளவெடுக்க வேண்டும். கயிறு இழுத்தால் நீளும் என்று அவளுக்குக் கயிற்றின்மேல் நம்பிக்கையில்லை. துணி பொய் சொல்லாது என்பது நெசவு வீட்டுக் கொள்கை. செல்லியம்மா மாடு பார்க்கப் போன சமயத்தில் டிரங்குப் பெட்டியைத் திறந்தாள். கார்த்திகை தீபத்தன்று கட்டிக்கொள்வதற்காக மாமியார் தண்ணீரே படாமல் மடித்து வைத்திருந்த நகரிக் கோடிப்புடவை உள்ளே இருந்தது. கஞ்சி மொடமொடக்கும் கைத்தறி. அதை எடுத்துச் சக்கரத்தைச் சுற்றிப் பிடித்து, முனை சேர்ந்த இடத்தில் ஓர் ஊக்கைக் குத்தினாள். புடவையை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள்.

பஸ்ஸில் அவளுக்குக் கிடைத்த சன்னலுக்குக் கண்ணாடி இல்லை. சித்தூர் தாண்டியதும் வானம் அவிழ்த்துவிட்டது. பாகாலாவுக்குப் பக்கத்தில் பெய்தது மழையா, இல்லை ஏழுமலையான் திருமஞ்சனத் தண்ணீரை அப்படியே கீழே சாய்த்துவிட்டாரா என்று பயணிகளுக்குள் வாக்குவாதமே நடந்தது. திருப்பதியில் இறங்கியபோது மடியிலிருந்த பை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. மங்கா புடவையை எடுத்துப் பிழிந்தாள். பிழிந்த தண்ணீரைக் கையில் ஏந்திப் பார்த்தாள். தெளிந்த தண்ணீர். "பாரு, ஒரு பொட்டு சாயம் போவல. நகரிச் சரக்குன்னா சும்மாவா," என்று பக்கத்தில் நின்ற பூக்காரியிடம் பெருமையடித்துக்கொண்டாள்.

சாயம் போகவில்லைதான். போனது வேறு. அது அப்போது அவளுக்குத் தெரியாது.

கடைக்காரர் சம்பத் பழைய இரும்பு மலையின் அடிவாரத்தில் உட்கார்ந்திருந்தார். "ஏமம்மா, ஏம் காவாலி?" என்று, என்ன வேண்டுமெனத் தெலுங்கில் விசாரித்தவர், அவள் வாயைத் திறந்ததும் தமிழுக்குத் தாவினார். "சங்கிலியா? எதுக்கு? மாடா, ஊஞ்சலா?"

"டிராக்டருக்கு."

"கட்டி இழுக்கவா?"

"கால்ல போட."

சம்பத் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, முதலில் ஒரு பளபளப்பான சங்கிலியை எடுத்துப் போட்டார். மங்கா ஒரு கண்ணியைப் பிடித்து முறுக்கினாள். பற்ற வைக்காமல் சும்மா வளைத்துவிட்ட கண்ணி, வாய் திறந்துகொண்டது. "இது பொம்மைக்குப் போடு," என்றாள். அடுத்து யானைச் சங்கிலி. ஒவ்வொரு கண்ணியும் மெதுவடை அளவு. ஒற்றைச் சரமாகப் போட்டால் டயரில் புடைத்திருக்கும் ரப்பர்க் கட்டைகளுக்கு நடுவில் இறங்கிப் படுத்துக்கொள்ளும், அதற்குமேல் ரப்பரையும் அறுக்கும் என்று தள்ளிவைத்தாள். மூன்றாவதாக அவர் மலைக்குள் பாதி உடம்பை நுழைத்து, ஏணி போல ஒன்றை இழுத்து வந்தார். இரண்டு பக்கமும் நீளச் சங்கிலி. நடுவில் படிகள் மாதிரி குறுக்குச் சங்கிலிகள்.

"மிலிட்டரி ஏலத்துல எடுத்தது. பனி மலையில லாரிக்குப் போடறது."

"பனின்னா? நம்ம மார்கழிப் பனியா?"

"ஐஸும்மா. மலையே ஐஸு."

"எங்க ஊர்ல ஐஸு இல்ல. சேறு."

"வழுக்கறதெல்லாம் ஒரே ஜாதிதாம்மா."

மங்கா அதைத் தரையில் விரித்து, துணி வாங்க வந்தவள் போலவே உட்கார்ந்து பார்த்தாள். படிகளுக்கு நடுவே இடைவெளி அதிகம். "இழை நெருக்கமா வோணும். எந்த நேரமும் ஒரு படியாவது தரைய கடிச்சிக்கினு இருக்கணும்," என்றாள். சம்பத் மறுபடி மலைக்குள் போய், படி நெருங்கிய ஜோடியாகத் தேடி எடுத்து வந்தார். கண்ணிகள் பற்ற வைத்தவைதானா என்று ஒவ்வொன்றாக விரலை ஓட்டினாள். கொக்கியின் முனை ரப்பரைப் பார்த்து இருக்கிறதா, வெளியே பார்த்து இருக்கிறதா என்று திருப்பிப் பார்த்தாள். வெளியேதான் இருந்தது. தலையை ஆட்டினாள்.

புடவையை விரித்து, ஊக்கு இருந்த இடத்தைக் காட்டினாள். சம்பத் நீளத்தை ஒட்டிப் பார்த்துவிட்டு, "ரெண்டு கண்ணி கூட உட்டு வெட்டறேம்மா. மிச்சம் இருந்தா கொக்கியில இழுத்துக்கலாம்," என்றார்.

"எதுக்கு? நான் நெசவு ஊட்டுல பொறந்தவ. என் அளவு தப்பாது. ஊக்கு கீற எடத்துலயே வெட்டு."

அவர் வெட்டினார். விதி அப்படி.

திரும்பும் பஸ்ஸில், இரண்டு கோணிச் சங்கிலியையும் பார்த்த கண்டக்டர் கேட்டார்: "எவ்ளோ பெரிய சங்கிலி! யாரைக் கட்டப் போறேம்மா?"

"மாமியார," என்றாள் மங்கா.

பின்சீட்டில் இருந்த ஓர் இளம்பெண் எழுந்து வந்து, அவளுக்குச் சன்னலோர இடத்தைக் கொடுத்துவிட்டுப் பணிவாக நின்றுகொண்டாள்.

ஆலையின் கட்டிங் ஆர்டரில் குறித்திருந்த நாள் காலை. வெட்டிய கரும்பு டிரெய்லரில் ஏறிக் கட்டுப்பட்டிருந்தது. ஊரே கொட்டகை முன்னால் கூடியது. ரங்கையா புது வெள்ளை வேட்டியில் வந்தார். கையில் எலுமிச்சம்பழம், கற்பூரம். டிராக்டர் கைமாறுகிற நேரத்தில் சக்கரத்தடியில் வைப்பதற்காக.

மங்கா சங்கிலிகளைப் பின்சக்கரங்களுக்குப் பின்னால் பாய் விரிப்பது போல விரித்து, டிராக்டரைப் பின்னுக்கு நகர்த்தி அதன்மேல் ஏற்றினாள். இறங்கி வந்து, சங்கிலியின் இரு முனைகளையும் சக்கரத்தின்மேல் இழுத்துச் சேர்க்கப் பார்த்தாள். சேரவில்லை. பல்லைக் கடித்து இழுத்தாள். இரண்டு பேர் சேர்ந்து இழுத்தார்கள். கொக்கிக்கும் கண்ணிக்கும் நடுவே சரியாக ஒரு சாண் இடைவெளி, சிரிக்கிற வாய் மாதிரி திறந்து கிடந்தது. மற்றச் சக்கரத்திலும் அதே சாண்.

"கடைக்காரன் ஏமாத்திட்டான்," என்று யாரோ சொன்னார்கள்.

மங்கா வீட்டுக்குள் ஓடிப் புடவையைக் கொண்டுவந்து சக்கரத்தைச் சுற்றிப் பிடித்தாள். அன்றைக்கு முத்தம் கொடுத்துக்கொண்டிருந்த முனையும் ஊக்கும் இன்று பேச்சு வார்த்தை இல்லாத பங்காளிகள் போல ஒரு சாண் தள்ளி நின்றன. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கோடித் துணி முதல் தண்ணீரில் சுருங்கும். நனைத்துக் காயவைத்த பிறகுதான் அளவெடுக்க வேண்டும். நகரியில் ரவிக்கைத் துணி வாங்க வந்த ஒவ்வொருத்தியிடமும் அவளே சொல்லியனுப்பிய வார்த்தை.

அந்த நேரம் பார்த்துச் செல்லியம்மா வெளியே வந்தாள். முதலில் புடவையைப் பார்த்தாள். அப்புறம் ஊக்கைப் பார்த்தாள்.

"அடிப் பாவி! எங் கோடிப்புடவடி! தீவத்துக்குக் கட்டிக்கலாம்னு மோந்து கூடப் பாக்காம வெச்சிருந்தேன். டிராக்டருக்குக் கட்டிப் பாத்தியா? அதுக்கு ரவிக்கையும் தைச்சியா?"

"அத்த, அப்பால திட்டு. இப்ப அளவு கொறஞ்சிப் போச்சி."

"கொறையாம? நனைச்சிட்டு அளவெடுன்னு ஊருக்கே பாடம் எடுப்பா நகரிக்காரி! கால பாத்து கொலுசு வாங்கணும்டி. கொலுச வாங்கியாந்துட்டு கால செதுக்குவியா?"

கூட்டம் சிரித்தது. ரங்கையா சிரிக்கவில்லை, கற்பூரப் பொட்டலத்தைப் பிரித்தார்.

மங்கா தன் கையைப் பார்த்தாள். மணிக்கட்டில் இறுக்கிப் பிடித்திருந்த பழைய கண்ணாடி வளையல்கள். கல்யாணத்துக்கு முதல் நாள் இதே செல்லியம்மாதான் அவற்றை வாங்கி வந்தாள், பத்து வயதுப் பெண்ணின் அளவில். எவ்வளவு சொல்லியும் மாற்ற மறுத்துவிட்டாள். வளையல்காரர் சோப்பைத் தடவி, விரல்களை ஒன்றாகச் சேர்த்து, கையைப் பிசைந்து பிசைந்து வெண்டைக்காய் ஆக்கித்தான் ஏற்றினார். உயிர் போயிற்று. ஆனால் போட்ட வளையல் அதற்கப்புறம் கழன்றதும் இல்லை, ஆடியதும் இல்லை.

"அத்த," என்றாள் மங்கா மெதுவாக. அவள் மெதுவாகப் பேசியதை ஊரார் கேட்டது அதுதான் முதல் முறை. "இந்த வளையல எங் கையில எப்பிடி ஏத்துனீங்க?"

"இப்ப எதுக்குடி அது? இன்னும் அத மனசுல வெச்சிக்கினு கீறியா?"

"வெச்சிக்கினு இருந்தது நல்லதாப் போச்சி."

ஜாக்கி வைத்துச் சக்கரத்தைத் தூக்கினாள். குனிந்து, காற்று அடைக்கிற முனையில் இருந்த ஊசியைத் திருகினாள். புஸ்ஸ்ஸ் என்று காற்று வெளியேறத் தொடங்கியது. பழைய காற்றுதானே, ஐப்பசியில் சித்திரை வெயில் வாசனை அடித்ததாகச் சொல்கிறார்கள்.

"ஐயையோ! இன்னாம்மா பண்றே? நாளைக்கி எனக்கு வரப்போற டயரு!" என்று ரங்கையா அலறினார்.

"வரட்டும் மாமா. இப்போதிக்கி என்னுதுதானே."

டயர் தளர்ந்து, மதியச் சாப்பாடு கிடைக்காதவன் வயிறு மாதிரி ஒட்டியது. நாலு பேர் சுற்றி நின்று குதிகாலால் அமுக்கினார்கள். ஒரு சாண் அரைச் சாணாயிற்று, நாலு விரலாயிற்று. மங்கா கொக்கியை இழுத்துப் பிடித்து ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள். டக்! மாட்டிக்கொண்டது. இரண்டாவது சக்கரத்துக்கும் அதே வைத்தியம்.

இனிக் காற்றடிக்க வேண்டும். ஊரில் இருந்தது காலால் மிதிக்கிற ஒரே ஒரு பம்பு. டிராக்டர் டயர் குடிக்கிற காற்றை அந்தப் பம்பு கொடுப்பது, தீர்த்தம் கொடுக்கிற உத்தரணியால் ஏரியை நிரப்புவது போல. இளவட்டங்கள் எல்லாம் குவைத்திலும் பெங்களூரிலும் இருந்தார்கள். மிச்சமிருந்தவர்கள் மாறி மாறி மிதித்து மூச்சு வாங்கி உட்கார்ந்தார்கள். மங்கா சுற்றும் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"ரங்கையா மாமா அந்தக் காலத்துல ஒண்டியா லாரி டயருக்கே காத்தடிச்சவருன்னு கேள்வி. இப்ப பாவம், வயசாயிடுச்சி."

"யாருக்கு வயசாச்சி?" என்றார் ரங்கையா. எலுமிச்சம்பழத்தையும் கற்பூரத்தையும் செல்லியம்மா கையில் கொடுத்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டி ஏறினார். மிதித்தார். நெற்றி வேர்த்தது; மிதித்தார். எந்த டிராக்டரை வாங்க வந்தாரோ, அது தமக்குக் கிடைக்காமல் போவதற்கான காற்றைத் தம் காலாலேயே அடித்துக்கொண்டிருக்கிறோம் என்பது பாதிக்குமேல்தான் அவருக்கு உறைத்தது. நிறுத்தினால் வயதாகிவிட்டது என்பார்களே! மிதித்து முடித்தார்.

"தேவலாம்ணா. தொட வலு இன்னும் கீது," என்று செல்லியம்மா சான்று கொடுத்தாள்.

டயர் உப்ப உப்ப, சங்கிலி அதில் பதிந்து இறங்கியது. மூன்றாம் பந்தியிலும் உட்கார்ந்து சாப்பிட்டவனின் அரைஞாண் மாதிரி இறுகியது. மங்கா விரலை நுழைத்துப் பார்த்தாள். நுழையவில்லை.

டிரெய்லரை மாட்டிக்கொண்டு டிராக்டர் புறப்பட்டபோது தெருவே திரும்பிப் பார்த்தது. கல்லின்மேல் சங்கிலி படப் பட, ஜல், ஜல், ஜல் என்று ஒரு சத்தம். "கொலுசு போட்டுக்கினு புகுந்த ஊட்டுக்குப் போவுது பாரு," என்றார்கள்.

சேற்றின் விளிம்பில் ஒரு கணம் நிறுத்தினாள். கியரைக் குறைத்துப் போட்டு இறங்கினாள். முன்சக்கரம் முழுகியது. பின்சக்கரம் இறங்கியதும் வண்டி முனகியது. கரையில் ரங்கையாவின் முகத்தில் மறுபடி வெளிச்சம் வந்தது. மங்காவுக்குக் கால் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கத் துடித்தது. ஆனால் தறியில் உட்கார்ந்தவளுக்கு ஒன்று தெரியும். ஒரே சீராக இழுத்தால் நூல் தாங்கும்; வெடுக்கென்று இழுத்தால் அறும். காலை அடக்கினாள். சக்கரம் மெள்ள மெள்ளச் சுற்றியது. ஒரு படி கடித்தது. அது விடுவதற்குள் அடுத்த படி கடித்தது. சேறு பின்னால் பிய்ந்து பறந்தது. அதில் பெரிய கவளம் ஒன்று காற்றில் நிதானமாக இடம் தேடிப் போய், ரங்கையாவின் வேட்டியில் உட்கார்ந்தது.

நடுப்பள்ளத்தில் டிராக்டர் நின்றது போல இருந்தது. கரையில் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். செல்லியம்மா மட்டும், "எம் புடவய நாசம் பண்ணிட்டு நடுவுல நின்னே, தொலச்சிடுவேன்!" என்று கத்தினாள். திட்டியது மருமகளையா, டிராக்டரையா, சேற்றையா என்று தெரியவில்லை. மூவருக்குமே அது உறைத்திருக்க வேண்டும். பின்சக்கரம் இன்னொரு பல்லைப் பதித்தது. வாயிலிருந்த வெற்றிலையைப் பிடுங்கிக்கொண்டது போல ப்ளக் என்று சேறு ஒரு சத்தம் போட்டது. டிராக்டர் ஏறியது. கரும்பு பின்னாலேயே ஏறியது.

மேட்டில் நிறுத்திவிட்டு இறங்கிப் பார்த்தால், சங்கிலியில் ஒற்றைச் செருப்புகள் ஏழெட்டு, ஒரு தவில் வளையம், எல்லாவற்றுக்கும் மேலே அந்தப் பழைய தேர்தல் மைக் குழாய். ஊரார் அதைத் தட்டி, காதில் வைத்துக் கேட்டுப் பார்த்தார்கள். வாக்குறுதி எதுவும் மிச்சமில்லை.

தார்ச்சாலை வந்ததும் சங்கிலியைக் கழற்ற வேண்டும். கழற்ற வேண்டுமென்றால் காற்றை இறக்க வேண்டும். இறக்கினால் மறுபடி அடிக்க வேண்டும். இதை மங்கா சொல்லி முடித்துத் திரும்பிப் பார்த்தபோது சாலையில் ஓர் ஆண்பிள்ளை இல்லை. கரும்பு வெட்ட வந்த பெண்கள்தான் பாட்டுப் பாடிக்கொண்டே மிதித்துக் கொடுத்தார்கள். லோடு ஆலைக்குள் நுழைந்தது.

அந்த வாரமே குவைத்துக்குத் திரும்புகிற ஒருவரிடம் மங்கா கேசட் கொடுத்தனுப்பினாள். சேற்றோரம் டேப்பை வைத்து, டிராக்டர் தாண்டுகிற சத்தத்தை முழுதாகப் பதிந்திருந்தாள். அதற்கப்புறம் அவள் குரல்: "கேட்டுச்சா? வண்டிய விக்கறதுக்கு இல்ல. சங்கிலிய நாந்தான் வேணும்னே ஒரு சாண் கொறச்சி வாங்குனேன். இறுக்கமா இருக்கணும்ல? அதெல்லாம் நெசவு ஊட்டுக் கணக்கு..." அதற்குள் டேப்பைப் பிடுங்கிய செல்லியம்மாவின் குரல்: "பொய் சொல்றாடா நைனா! எம் புடவ சுருங்கிப் போச்சிடா! அவளுக்கு ஒன்னும் தெரியாது!" அப்புறம் தடதடவென்று ஏதோ உருளும் ஓசை. கேசட் முடிந்துவிட்டது.

பதில் தை மாதம் வந்தது. சிவசங்கரன் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்திருந்தான். "மங்கா, ரூம்ல எல்லாரும் கேட்டாங்க. கொலுசு போட்டுக்கினு யாருடா ஆடறதுன்னு கேக்கறானுங்க. எங்க டிராக்டருடான்னு சொன்னா ஒருத்தனும் நம்பல. வண்டி உன்னுது. நான் அதப் பத்தி இனிமே வாயத் தொறக்க மாட்டேன். ரங்கையா மாமாகிட்ட நானே சொல்லிட்டேன். அம்மாவுக்கு இங்கேந்து ஒரு புடவ அனுப்பறேன். நைலக்சு. சுருங்காது."

மங்கா டேப்பை நிறுத்தி, "நீங்க நல்லா இருங்க," என்றாள். டேப்பிடம் அவள் 'நீங்க' என்றது அன்றுதான்.

அடுத்த மழைக்கே ரங்கையாவின் இரண்டு டிராக்டர்களையும் கொலுசுக்காரிதான் இழுத்து அக்கரை சேர்த்தாள். அவரும் திருப்பதிக்குப் போய்ச் சங்கிலி வாங்கி வந்தார். ஒரு சாண் குறைத்து. அந்த வட்டாரத்தில் யார் வாங்கப் போனாலும் ஒரு சாண் குறைத்துத்தான் வெட்டச் சொல்கிறார்களாம். சம்பத்துக்குக் காரணம் புரியவில்லை. சேற்று ஊர்ச் சாஸ்திரம் என்று விட்டுவிட்டார்.

நைலக்ஸ் புடவையைச் செல்லியம்மா பெட்டிக்குள் போட்டுவிட்டாள். விசேஷ நாட்களில் அந்தச் சுருங்கிய நகரிப் புடவையைத்தான் கட்டிக்கொள்கிறாள். டிராக்டரைப் பார்க்க வருகிறவர்கள் மருமகளைப் பாராட்டினால், குறுக்கே வந்து நின்று தன் கொசுவத்தைக் கையில் எடுத்து எண்ணிக் காட்டுவாள்.

"பாரு, ஒரு மடிப்பு கம்மி. சேத்தத் தாண்டுனது அவளும் இல்ல, டிராக்டரும் இல்ல. எம் புடவயில கொறஞ்ச இந்த ஒரு மடிப்புதான் தாண்டிக்கினு போச்சி."